'கூடாது' காணாமல் போன கதை

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு தணிகாசலமாவது, தணிகைவேலாவது, தணிகையம்மாளாவது இல்லாமல் இருக்காது. மலைமேல் இருப்பவன் கொடுத்த பெயர். அந்தப் பெயர்தான் ஒரு சங்கடத்தில் எனக்குக் கைகொடுத்தது என்றால் நம்புவீர்களா? கேளுங்கள்.

திருத்தணியில் மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சின்னது என்றால் ரொம்பச் சின்னது. ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், நகரியிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் ஒரு பெண், அப்புறம் நான். நோயாளி வந்ததும் பெயர், ஊர், வயது கேட்டுப் பதிவது என் வேலை. முன்பெல்லாம் நீள நோட்டு. பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர். 1980களில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள் நான். அந்த விரல் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் பெயர்களைத் தமிழிலேயே போட்டு விடுவேன். ஆந்திரா பக்கத்துக்காரர்கள் வந்தால் நகரிப் பெண் தெலுங்கிலேயே அடித்துக் கொடுப்பாள். நகரி, புத்தூர், நாராயணவனம் எல்லாம் எங்களுக்கு வெளியூர் மாதிரியே தோன்றாது. பாதிப் பேர் இரண்டு பாஷையும் கலந்துதான் இருமுவார்கள்!

பெயருக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எனக்கு அந்தக் கட்டம்தான் முக்கியம். 'சர்க்கரை உண்டு', 'ஆஸ்துமா', 'சல்ஃபா கூடாது', 'பெனிசிலின் கூடாது' என்று அதில்தான் எழுதுவோம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தெரியாமல் அதைக் கொடுத்து விட்டால் உடம்பெல்லாம் தடிக்கலாம், முகம் வீங்கலாம், சில பேருக்கு நிமிஷத்துக்குள் மூச்சே அடைத்துக் கொள்ளும். 'கூடாது' என்ற மூன்றெழுத்து ஓர் உயிருக்குச் சமானம்.

2023ஆம் வருஷம், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த மறு வாரம். காவடி தூக்கி வந்தவர்களின் கால் கொப்புளம், வெயில் மயக்கம் எல்லாம் பார்த்து முடித்துக் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தோம். பழைய கம்ப்யூட்டர் திணறுகிறது என்று டாக்டரம்மா புதிதாக ஒன்று வாங்கினார். கொண்டு வந்த பையன் ஞாயிற்றுக்கிழமையே பழையதில் இருந்த எல்லாவற்றையும் புதியதில் ஏற்றி, பழையதைத் துடைத்து, விலையில் கழித்துக்கொண்டு எடுத்துப் போய் விட்டான். கெட்டிக்காரப் பையன்தான். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. "ஏற்றியது சரியாக இருக்கிறதா" என்று ஒருத்தராவது உட்கார்ந்து பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் துணி துவைக்கிற நாள்.

திங்கட்கிழமை காலை ஏழெட்டுப் பேரைப் புதிதாகப் பதிந்து விட்டேன். அப்புறம் ஒரு பழைய நோயாளி வந்தார். அவர் பெயரைத் தேடினால்... ஐயோ, என்ன சொல்வேன்! எறும்பு மைக்கூட்டில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது திரை. தலைமேல் சாய்வாகக் கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ'. பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்'. சோப்பு டப்பாவில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் பொடியாக இருக்குமே, அந்த 'ஆர்'. மறுபடியும் அதே 'ஏ', அதே 'ஆர்'. இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் அப்படி. வயது, போன் நம்பர், ஆங்கிலத்தில் அடித்த பெயர்கள் மட்டும் சேதமில்லாமல் இருந்தன.

காலையில் நான் பதிந்த ஏழெட்டுப் பேர்? அங்கே வேறு கூத்து. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, யாராவது சூனியம் வெச்சுட்டாங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவர் முகம் வெளுத்துப் போனது எனக்குத் தெரிந்தது.

நான் காகிதத்தில் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்தேன். கோலப் புள்ளிகளை வெறித்துப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் கோலம் தெரியும் இல்லையா? அப்படி ஒன்று தெரிந்தது. நிறையப் பெயர்கள் ஒரே மாதிரி ஆரம்பித்தன. 'ஏ', 'ஆர்', பிறகு நாலு கம்பி முளைத்த குட்டிச் சூரியன். 'ஏ', 'ஆர்', பிறகு இங்கிலீஷ்காரன் பவுன் குறி. 'ஏ', 'ஆர்', பிறகு தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி. திரும்பத் திரும்ப அதே ஆரம்பம்.

எங்கள் ஊரில் இத்தனை பேருக்குப் பொதுவான ஆரம்பம் என்ன? தணி! சூரியன் 'த', பவுன் 'ண', தலைகீழ்க் கேள்விக்குறி 'இ' கொம்பு. எனக்கு உடம்பு சிலிர்த்து விட்டது. எழுத்து சாகவில்லை, வேஷம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா மகன் சென்னையில் இந்த வேலைதான் பார்க்கிறான். போன் போட்டேன்.

"சித்தி, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. கோணல் எழுத்தா வருதா, கேள்விக்குறியா வருதா, இல்லே காலிக் கட்டம் கட்டமா வருதா?"

"பழசு கோணல், புதுசு கேள்விக்குறி."

"கோணல்னா பிழைச்சுக்கும். காலிக் கட்டம்னா எழுத்துரு இல்லே, அது ஒண்ணுமே பெரிசில்லே. கேள்விக்குறின்னா அந்த எழுத்து போயே போச்சு. நீங்க ஒரு காரியம் பண்ணுங்க. எதையும் தொடாதீங்க. திருத்துறேன்னு உட்கார்ந்து திருப்பி அடிக்காதீங்க. இன்னிலேர்ந்து நான் வர்ற வரைக்கும் நோட்டுல எழுதுங்க."

டாக்டர் மாதிரியே பேசினான்! நாடி பிடிக்கும் முன்னால் கஷாயம் கொடுக்காதே என்று எங்கள் பாட்டியும் சொல்வாள்.

சனிக்கிழமை மின்சார ரயிலில் வந்து இறங்கினான். வந்ததும் முதல் வேலையாக, கெட்டுப் போனதை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்தான். "கெட்டதுக்கு எதுக்குடா நகல்?" என்றேன். "சரி பண்றேன்னு நான் இன்னும் கெடுத்துட்டா?" என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

அப்புறம் எனக்கு விளங்கும்படி சொன்னான். நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'க' என்றால் இன்ன எண், 'ம' என்றால் இன்ன எண் என்று ஓர் அட்டவணை. பிறந்த வீட்டில் அஞ்சறைப் பெட்டியின் முதல் கிண்ணத்தில் கடுகு. புகுந்த வீட்டில் அதே கிண்ணத்தில் மிளகு. பெட்டி மாறவில்லை, கிண்ணம் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுகிறவள் எந்த வீட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டு போடுகிறாள் என்பதுதான் விஷயம். எங்கள் பெயர்கள் எழுதப்பட்டது ஓர் அட்டவணைப்படி, படிக்கப்பட்டது வேறோர் அட்டவணைப்படி.

எழுதியது யூனிகோட். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுக்கும் ஏற்பாடு. 1991இல் அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. அந்த எண்களைப் பெட்டியில் அடுக்கும் முறைக்கு யுடிஎஃப்-8 என்று பெயர். அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று அறை வேண்டும். 'திருத்தணி' என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி ஒன்பது என்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று அறை, ஆக இருபத்தேழு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படித்தது லத்தீன் அட்டவணை. மேற்கு ஐரோப்பா பாஷைகளுக்காக ஏற்பட்டது, மொத்தம் 256 அறை, எழுத்துக்கு ஓர் அறை. ஆகவே நம்முடைய ஓர் எழுத்தை மூன்று எழுத்தாகப் படித்துத் தள்ளியது. ஆங்கிலமும் எண்களும் இரண்டு அட்டவணையிலும் ஒரே அறையில் இருப்பதால் அவை தப்பித்தன. பெரிய பெரிய இடங்களில்கூட உபயோகிக்கும் மை-எஸ்க்யூஎல் என்கிற தகவல் பெட்டகம் 1995இல் ஸ்வீடனில் பிறந்ததாம். 2018இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முந்தியவற்றில், நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால், லத்தீன் அட்டவணையைத்தான் அது எடுத்துக் கொள்ளும், அதுவும் ஸ்வீடன் அகர வரிசையில். திருத்தணி தணிகாசலங்களை ஸ்வீடன் வரிசையில் நிறுத்தினால் எப்படி நிற்பார்கள்! அதன் மேல் தப்பு இல்லை. பாஷை இன்னது என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

இன்னொரு வேடிக்கையும் காட்டினான். தமிழ்ப் பெயரில் இரண்டாவது இடத்தில் வட்ட 'ஆர்' வருகிறது என்றேனே, தெலுங்குப் பெயரில் அதே இடத்தில் டிகிரி சுழி வந்தது. ஜுரம் பார்த்து 100 டிகிரி என்று போடுவோமே, அந்தச் சுழி. மூன்றாவது இடம்? அச்சாக ஒன்றே! தமிழ் 'க'வுக்கும் தெலுங்கு 'க'வுக்கும் கடைசி எண் ஒன்றுதான். இந்திய பாஷைகளுக்கெல்லாம் முன்பே போட்டிருந்த ஒரு பொது ஒழுங்கை வைத்து எதிரெதிர் வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கே ஒரு காலத்தில் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று தகராறு இருந்தது. 1953இல் ஆந்திரா தனியானபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே போய், ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் முதல் தேதி திரும்பி வந்தோம். என் மாமியாரின் பழைய காகிதங்களில் சித்தூர் ஜில்லா என்றே இருக்கும். ஊர் நகரவில்லை, மலையும் நகரவில்லை, எழுதின பட்டியல்தான் மாறியது. அதனாலோ என்னவோ எனக்கு இந்த அட்டவணை விஷயம் சட்டென்று பிடிபட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். "இது எழுத்தே இல்லை, வெறும் எண்" என்று பெட்டகத்திடம் முதலில் சொல்லி, பிறகு "இந்த எண்களை யுடிஎஃப்-8 என்று படி" என்று சொன்னால் வேஷம் கலைந்து விடும் என்றான். கலைந்தது. முக்கால்வாசி. முருகன் வந்தான், ஆனால் 'ம?ர?கன?' என்று வந்தான்!

பார்த்தால் புள்ளியும் உகரச் சுழியும் மட்டும் போயிருந்தன. ஏழுமலைகளுக்கு முதலெழுத்தே இல்லை. ஐயப்பன்களுக்கும் அப்படியே. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். விண்டோஸில் வழங்கும் அந்த 256 அறை அட்டவணையில் ஐந்து அறைகள் காலியாம். ஏற்றின பையன் நடுவில் எங்கோ அதைத் திறந்து சேமித்திருக்கிறான். காலி அறையைக் குறிக்கும் எண்ணெல்லாம் அந்த இடத்தில் கேள்விக்குறியாகி விட்டது. நம் துரதிர்ஷ்டம், புள்ளி, உகரம், ஏ, ஐ நாலும் அந்த அறைகளில்தான் குடியிருக்கின்றன. தெலுங்கிலும் புள்ளிக்குச் சமமான குறி, உகரம் இரண்டும் போச்சு.

"சித்தி, இது புள்ளியா உகரமான்னு மெஷினுக்குத் தெரியாது. ரெண்டாயிரம் பேரு!"

எனக்குத் தெரியுமே! பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியே பெரும்பாலும் போட மாட்டார்கள். அதை வைத்துக்கொண்டுதான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். எனக்கு அத்தனை படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்து இலக்கணம் இருக்கிறது. தமிழ் டீச்சர் பிரம்போடு சொல்லிக் கொடுத்தது, நாற்பத்தைந்து வருஷம் கழித்து எதற்கு உதவுகிறது பாருங்கள்.

"எழுதிக்கோடா" என்றேன். "மெய்யெழுத்து சொல்லுக்கு முதல்ல வராது. அதனால முதலெழுத்துல போயிருந்தா அது உகரம். முருகன், குமார், சுந்தரி. ரெண்டாவது, அதே எழுத்து அடுத்தடுத்து வந்தா நடுவுல புள்ளி. தணிகையம்மாள், செல்லம், கண்ணன். மூணாவது, இன எழுத்து. 'ந'வுக்கு அடுத்து 'த', 'ங'வுக்கு அடுத்து 'க', 'ம'வுக்கு அடுத்து 'ப', 'ண'வுக்கு அடுத்து 'ட'ன்னா நடுவுல புள்ளிதான். கடைசியில 'ன', 'ம', 'ல', 'ள'வா இருந்தா புள்ளி போடு. கடைசியில வல்லினம் வந்தா உகரம். வல்லின மெய்யில தமிழ்ச் சொல் முடியாது."

அவன் வாயைப் பிளந்துகொண்டு எழுதி, அதை அப்படியே மெஷினுக்குப் பாடமாக்கினான். ஒரு தட்டுத் தட்டினான். பத்துக்கு எட்டுப் பெயர் எழுந்து உட்கார்ந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து விட்டது.

எல்லாமே சரியாக வரவில்லை. ப்ரியாக்கள் எல்லாரும் 'புரியா' ஆகி விட்டார்கள். நம் காலத்துப் பெயர்கள் இலக்கணத்துக்குக் கட்டுப்படுமா? ஸ்வாதி, க்ருத்திகா, ப்ரேமா எல்லாரையும் நான் உட்கார்ந்து ஒவ்வொருத்தராகத் திருத்தினேன். தெலுங்குப் பெயர்களை நகரிப் பெண் பார்த்தாள். கடைசியில் மிஞ்சியது 'ராஜ?'க்கள். ராஜ் என்றால் புள்ளி, ராஜு என்றால் உகரம். எங்கள் எல்லையில் இரண்டும் சரிபாதி. பதினாறு பேர்.

ஞாயிறு ராத்திரி எல்லாம் முடிந்தது. அக்கா மகனுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது, மறைப்பானேன்?

திங்கட்கிழமை மத்தியானம் நகரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். ஐம்பது வயசு. வயலில் ஏதோ குத்தி, கால் பெருவிரல் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நல்ல ஜுரம். டாக்டரம்மா புண்ணைக் கழுவிக்கொண்டே, "பழைய பேஷண்ட்தானே, குறிப்பு ஏதாவது இருக்கா பாரும்மா" என்றார். பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் சுத்தமாக, நான் மீட்டெடுத்த அழகான தமிழில், 'பெனிசிலின்' என்று இருந்தது.

நான் சொன்னேன், என் வாயால் சொன்னேன்: "போன தடவை பெனிசிலின் கொடுத்திருக்கு போல, டாக்டரம்மா."

டாக்டரம்மா அமாக்ஸிசிலின் எழுதப் பேனாவை எடுத்தார். அதுவும் பெனிசிலின் குடும்பத்து மருந்துதான். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் வந்தவரிடம் வாய்விட்டு ஒரு தரம் கேட்டு விடுவார். "ஏம்மா, முன்னே பெனிசிலின் ஊசி போட்டப்போ ஒத்துக்கிச்சா?"

அந்த அம்மாள் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டாள். "ஆ சூதி வத்தம்மா! வத்து, வத்து! போன வாட்டி மூஞ்செல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சே. நீங்கதானே எழுதி வெச்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினாள்.

ஆமாம், நான்தான் எழுதினேன். 'பெனிசிலின் கூடாது' என்று. 'கூடாது' எங்கே?

டாக்டரம்மா வேறு மருந்து எழுதினார். கால் பத்து நாளில் ஆறியது. எனக்குத்தான் அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. சாயங்காலம் போனில் அக்கா மகனிடம் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சித்தி, 'பெனிசிலின்'ல எத்தனை குறி, எண்ணுங்க" என்றான். ப, எகரக் கொம்பு, ன, கொம்பு, ச, கொம்பு, ல, கொம்பு, ன, புள்ளி. பத்து. பத்துக்கு மும்மூன்று, முப்பது அறை. குறிப்புக் கட்டத்தின் அளவு முப்பது! பழைய கம்ப்யூட்டரில் அது முப்பது எழுத்து, தாராளமாக இடம் இருந்தது. புதியது அதை முப்பது அறை என்று எடுத்துக்கொண்டு, மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிக் கீழே போட்டிருக்கிறது. அவ்வளவு கச்சிதமாக மருந்தின் பெயரோடு வெட்டு விழுந்திருக்கிறது. அது 'பெனிசி' என்று அரைகுறையாக நின்றிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

யோசித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் 'நோ' என்பது முதலில் வந்திருக்கும். பின்னால் வெட்டினாலும் 'நோ' தப்பியிருக்கும். நம் பாஷையில் வேண்டாம், கூடாது, ஆகாது எல்லாம் கடைசியில் அல்லவா வருகிறது! அத்தனையும் போய்ச் சேர்ந்தது.

புள்ளி போனதை இலக்கணம் வைத்து மீட்டேன். இதை எந்த இலக்கணம் வைத்து மீட்பது? 'சல்ஃபா' என்பது தப்பியது, சின்ன வார்த்தை. பின்னாலுள்ள 'கூடாது' பாதியில் உடைந்து 'கூட' என்று நின்றாலும் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் நீளமான மருந்துப் பெயர்கள்? 'டைக்ளோஃபின' என்று மட்டும் நிற்கிறது. அந்த மனுஷர் மூட்டு வலிக்குத் தினம் சாப்பிடுவதா, சாப்பிட்டால் வயிறு புண்ணாகும் என்று விலக்கியதா? நானேதான் எழுதினேன், எனக்கே நினைவில்லை.

டாக்டரம்மா கலங்கவில்லை. "கட்டத்துல எந்த மருந்து பேர் தனியா நின்னாலும், விசாரிக்கிற வரைக்கும் அது கூடாதுன்னே வெச்சுக்கோ" என்றார். மேஜை டிராயரைக் குடைந்ததில் ஒரு பென் டிரைவ் கிடைத்தது. பதினாலு மாசத்துக்கு முன்னால் யாரோ எடுத்து வைத்த நகல். முக்கால்வாசிப் பேருக்கு அதிலிருந்து முழுக் குறிப்பும் கிடைத்தது. அதற்குப் பின் வந்தவர்களில் அறுபத்து மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. முன்னெல்லாம் சிவப்பு மையில் தனி நோட்டில் எழுதி வைப்பேன். 'கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே' என்று இரண்டு வருஷத்துக்கு முன் நிறுத்தியதும் நான்தான்.

அறுபத்து மூன்று பேருக்கும் போன் செய்தேன். மூன்று வாரம் ஆயிற்று. சில பேர் 'எந்த மருந்தும் ஒத்துக்கும், ஏன் கேக்கறீங்க' என்று பயந்தார்கள். சில பேருக்கு மருந்தின் பெயர் தெரியவில்லை, நிறம்தான் தெரிந்தது. "அந்த ரெண்டு கலர் குளிசை" என்பார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பாட்டி, பேரன் கையில் போனைக் கொடுத்து, "வரச் சொல்லு, வந்தா சொல்றேன்" என்றாள். போனேன். பழைய மாத்திரை அட்டை ஒன்றைப் பூஜை அலமாரியில் மஞ்சள் பையில் முடிந்து வைத்திருந்தாள், 'இது எமன்' என்று சொல்லி! அதுதான் நான் பார்த்ததிலேயே நல்ல பதிவேடு. அன்றிலிருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து உள்ளவர்களுக்கு டாக்டரம்மா தம் கையால் மருந்தின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் துண்டுச் சீட்டில் எழுதி, பர்ஸிலோ சுருக்குப் பையிலோ வைத்துக் கொள்ளச் சொல்லி அனுப்புகிறார். வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் விழுந்தாலும் அது கூடவே இருக்குமல்லவா?

கட்டத்தின் அளவைப் பெருக்கியாயிற்று. 'கூடாது' இப்போது தனிக் கட்டம். அதில் மருந்தின் பெயரை மட்டும் போட்டால் போதும். சனிக்கிழமை தோறும் நகல் எடுத்து, நானே திறந்து, ஒரு தமிழ்ப் பெயர், ஒரு தெலுங்குப் பெயர், ஓர் ஏழுமலை, மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். சிவப்பு மை நோட்டும் திரும்ப வந்து விட்டது. நகரிப் பெண் கேலி செய்கிறாள், செய்யட்டும்.

அந்தப் பதினாறு ராஜ்-ராஜுக்களையும் ஒவ்வொருத்தராகக் கேட்டு எழுதினேன். ஒருவர் மட்டும், "அங்கே எங்க பக்கம் ராஜு, இங்கே உங்க பக்கம் ராஜ். உங்களுக்கு எது வசதியோ அதைப் போட்டுக்கோங்கம்மா" என்று சிரித்தார். ஆதாரைப் பார்த்து ராஜு என்று போட்டேன்.

அறுபத்து மூன்றில் மூன்று பேர் இன்னும் பாக்கி. போன் எண் மாறி விட்டது, விசாரித்த இடத்தில் வீடு காலி செய்து போய் விட்டார்கள். அவர்கள் பெயருக்கு நேரே மருந்தின் பெயர் மட்டும் நிற்கிறது. பக்கத்தில் 'வந்தவுடன் கேள்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.